அமெரிக்காவில் இரவில் ட்ரோன் பறக்கவிட என்னென்ன அனுமதி வேண்டும், எவ்வளவு செலவு, எத்தனை நாள்

கார்த்திகை தீபத்தன்று வளாகம் முழுக்க அகல் ஏற்றுகிறோம், மேலிருந்து ஒரு வீடியோ எடுத்துத் தர முடியுமா என்று எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் கேட்டார்கள். நான் இருப்பது டல்லாஸ் பக்கம். ட்ரோன் கையில் இருந்தது, ஆசையும் இருந்தது. செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்கினேன். அப்படியும் அந்த வருடம் பறக்கவிட முடியவில்லை. முதலில் கண்ணில் பட்ட பழைய வழிகாட்டிகளை நம்பி, இரவில் பறக்கக் கூடாது என்ற விதியிலிருந்து விலக்கு கேட்கும் விண்ணப்பத்தை ஐந்து வாரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த விலக்கு 2021 ஏப்ரல் 21-க்குப் பிறகு என்னைப் போன்றவர்களுக்குத் தேவையே இல்லை. உண்மையில் தேவைப்பட்டது வேறு ஒரு அனுமதி. அதற்குப் போனபோது நாள் போதவில்லை.

அடுத்த வருடம் எல்லாம் ஒழுங்காக அமைந்தது. நான் சுற்றிய சுற்றை நீங்கள் சுற்ற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். "இரவு அனுமதி" என்று தனியாக ஒரு தாள் இப்போது கிடையாது. உங்களிடம் சரியான பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும், ட்ரோன் மேல் சரியான விளக்கு இருக்க வேண்டும், பறக்கும் இடம் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியாக இருந்தால் அதற்கு அனுமதி இருக்க வேண்டும். மூன்றும் தனித்தனி வேலைகள். ஒன்று மற்றொன்றை ஈடுகட்டாது. நிகழ்ச்சிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கினால் பதற்றமில்லாமல் முடிக்கலாம்.

1. நீங்கள் எந்த விதியின் கீழ் வருகிறீர்கள்?

விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் எஃப்.ஏ.ஏ. ட்ரோன் ஓட்டுபவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர்கள் ஒரு வகை. மற்ற எல்லாரும் பார்ட் 107 என்ற விதியின் கீழ் வருவார்கள்.

நம்மவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான். "நான் காசு வாங்கவில்லையே, சும்மா உதவிதானே செய்கிறேன்" என்று நினைக்கிறோம். காசு வாங்குவதும் வாங்காததும் இங்கே அளவுகோல் இல்லை. தமிழ்ச் சங்கத்துக்கோ கோயிலுக்கோ இலவசமாக வீடியோ எடுத்துக் கொடுத்தாலும் அது பொழுதுபோக்கு ஆகாது, பார்ட் 107-தான். உங்கள் சொந்தச் சந்தோஷத்துக்காக மட்டும் பறக்கவிடுகிறீர்கள் என்றால் ட்ரஸ்ட் என்ற இலவச இணையத் தேர்வை எழுதிச் சான்றிதழை வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அப்போதும் கட்டுப்பாட்டு வான்வெளிக்கு அனுமதி தேவை. இனி நான் சொல்வதெல்லாம் பார்ட் 107 பற்றியது.

ஹெச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ட்ரோன் சான்றிதழ் வாங்க அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ தேவையில்லை. 16 வயது ஆகியிருந்து, ஆங்கிலம் படிக்க, பேச, எழுத, புரிந்துகொள்ளத் தெரிந்தால் போதும். ஆனால் சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக வெளியாட்களிடம் காசு வாங்கிக்கொண்டு கல்யாண வீடியோ எடுக்க முடியாது. உங்களை அழைத்த கம்பெனியைத் தவிர வேறு இடத்தில் சம்பாதிப்பது விசா விதியை மீறுவதாகிவிடும். ட்ரோன் சட்டம் வேறு, குடிவரவுச் சட்டம் வேறு. சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

2. முதலில் பெயரைச் சரிபாருங்கள், பிறகு கணக்கு

பார்ட் 107 சான்றிதழுக்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பதிவதற்கு முன் எஃப்.ஏ.ஏ.-வின் ஐஅக்ரா தளத்தில் கணக்கு தொடங்கி, எஃப்.டி.என். என்ற உங்கள் அடையாள எண்ணை வாங்க வேண்டும். பத்து நிமிட வேலை. செலவில்லை. ஆனால் அங்கே தட்டச்சு செய்யும் பெயர்தான் கடைசிவரை உங்களோடு வரும்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயராகி, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்துவிடும். அதையே பார்த்து ஓட்டுநர் உரிமமும் கொடுத்திருப்பார்கள். வேறு சிலருக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், உரிமத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். எனக்கு இரண்டாவது சிக்கல்.

தேர்வு மையத்தில் அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள் பாஸ்போர்ட்டோடு இன்னொரு அரசு அடையாள அட்டையும் காட்ட வேண்டும். மேசையில் இருந்த பெண்மணி என் பாஸ்போர்ட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். அப்பா பெயர் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அன்று தேர்வு எழுத முடியவில்லை. உரிமத்தைத் திருத்தி வாங்கி, திரும்பப் பதிய மூன்று வாரம் போனது.

அதனால் மூன்று ஆவணங்களையும் முதலில் எடுத்து வைத்துப் பாருங்கள்: பாஸ்போர்ட், விசா, ஓட்டுநர் உரிமம். பெயர் ஒரே மாதிரி இல்லையென்றால் பணம் கட்டுவதற்கு முன்பே தேர்வு மையத்தைக் கூப்பிட்டு, எந்த வடிவத்தில் பதிவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐஅக்ராவிலும் அதே வடிவம் இருக்கட்டும்.

3. தேர்வு: 175 டாலர், 60 கேள்வி

எஃப்.டி.என். கிடைத்ததும் தேர்வை நடத்தும் பி.எஸ்.ஐ. நிறுவனத்தின் தளத்தில் ஊர், நாள் பார்த்துத் தேர்வைப் பதியலாம். கட்டணம் 175 டாலர். இரண்டு மணி நேரம், 60 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. அதாவது 42 சரியாக வர வேண்டும். தவறினால் 14 நாள் காத்திருந்து, மறுபடி 175 டாலர் கட்டி எழுத வேண்டும்.

காசு கட்டிப் பயிற்சி வகுப்பு சேர வேண்டியதில்லை என்பது என் கருத்து. எஃப்.ஏ.ஏ. இலவசமாகவே பாடப்புத்தகமும் மாதிரிக் கேள்விகளும் தருகிறது. நான் தினமும் ஒரு மணி நேரம் என்று ஒரு மாதம் படித்தேன். நேரம் அதிகம் பிடிப்பது செக்‌ஷனல் சார்ட் எனப்படும் விமான வரைபடத்தைப் படிக்கப் பழகுவது. அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிறகு உங்கள் இடத்துக்கு அனுமதி வேண்டுமா என்று பார்க்கும்போதும் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

இரவுப் பறப்பு பற்றிய கேள்விகளும் இந்தத் தேர்விலேயே வரும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும், இருட்டில் ஒரு பொருளை நேராக உற்றுப் பார்ப்பதைவிடச் சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும், தனியாக ஒளிரும் ஒரு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வதுபோல் மயக்கும் என்பதெல்லாம் பாடத்தில் உண்டு. இதனால்தான் இரவுக்கென்று தனிச் சான்றிதழ் தேவைப்படுவதில்லை. 2021 ஏப்ரல் 6-க்கு முன் தேர்வு எழுதியவர்கள், அதற்குப் பின் வந்த புதுப்பிப்புப் பயிற்சியை முடித்திருந்தால்தான் இரவில் பறக்கவிடலாம். அந்தப் பயிற்சி இணையத்தில் இலவசம். எல்லாரும் 24 மாதத்துக்கு ஒருமுறை அதை முடிக்க வேண்டும். காலாவதியானது தெரியாமல் பறக்கவிடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தேர்ச்சி பெற்றதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். கையில் இருப்பது மதிப்பெண் தாள்தான். தேர்வு எண் ஐஅக்ராவில் ஏற 48 மணி நேரம் வரை ஆகலாம். அப்புறம் அதே தளத்தில் 8710-13 என்ற சான்றிதழ் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். டி.எஸ்.ஏ. என்ற போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் பின்னணி விசாரணை முடிந்ததும் தற்காலிகச் சான்றிதழை இறக்கிக்கொள்ளச் சொல்லி மின்னஞ்சல் வரும். அது 120 நாள் செல்லும். பிளாஸ்டிக் அட்டை பிறகு தபாலில் வரும். அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், தற்காலிகச் சான்றிதழை வைத்தே பறக்கவிடலாம். தேர்வு நாளிலிருந்து இதற்கு இரண்டு, மூன்று வாரம் ஒதுக்கி வையுங்கள்.

4. ட்ரோன் பதிவும் ரிமோட் ஐடியும்

பதிவுக் கட்டணம் ஒரு ட்ரோனுக்கு 5 டாலர், மூன்று வருடம் செல்லும். எஃப்.ஏ.ஏ.-வின் ட்ரோன்ஸோன் தளத்தில் மட்டும் செய்யுங்கள். தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும், இதே வேலைக்குப் பல மடங்கு கேட்கும். கணக்கில் பொழுதுபோக்கு, பார்ட் 107 என்று இரண்டு பிரிவு இருக்கும். முன்பு பொழுதுபோக்கில் பதிந்த ட்ரோன் தானாக மாறாது. பார்ட் 107-இல் புதிதாகப் பதிந்து, அந்த எண்ணை ட்ரோனின் வெளிப்புறத்தில் தெரியும்படி ஒட்டுங்கள்.

250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்குப் பதிவு வேண்டாம் என்ற சலுகை பொழுதுபோக்குக்கு மட்டும்தான். பார்ட் 107-இல் எவ்வளவு சின்ன ட்ரோனாக இருந்தாலும் பதிவு உண்டு. பதிவு உண்டு என்றாலே ரிமோட் ஐடியும் உண்டு. ட்ரோன் தன் எண்ணையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே பறக்க வேண்டும். சில சிறிய மாடல்களில் இந்த வசதி இருக்காது. இருந்தாலும் சாதாரண பேட்டரியோடு வேலை செய்யாமல் போகலாம். உங்கள் மாடல் எஃப்.ஏ.ஏ. ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியாக ஒரு கருவி வாங்கி ஒட்ட வேண்டும். விலை சுமார் 100 டாலரிலிருந்து தொடங்கும்.

5. விளக்கு: மூன்று மைல் தெரிய வேண்டும்

விதி சொல்வது இதுதான்: மூன்று மைல் தூரத்திலிருந்து, அதாவது கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டரிலிருந்து, கண்ணுக்குத் தெரியும் மின்னும் விளக்கு ட்ரோனில் இருக்க வேண்டும். நிறம் எது என்று விதி சொல்லவில்லை. ட்ரோனோடு வரும் சின்ன எல்.இ.டி. விளக்குகளை நம்பாதீர்கள். அவை எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று நமக்குத் தெரிவதற்காக வைத்தவை. ஸ்ட்ரோப் எனப்படும் மின்னும் விளக்கு 30 முதல் 60 டாலருக்குள் கிடைக்கும். வாங்கும்போது மூன்று மைல் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இருட்டிய பிறகு மட்டும்தான் விளக்கு என்பதும் தவறு. சூரியன் மறைந்த பின் அரை மணி நேரம் அந்தி வெளிச்சம் இருக்குமே, அப்போதும் விளக்கு கட்டாயம். அதற்குப் பிறகு வருவதுதான் விதிப்படி இரவு. டிசம்பர் தொடக்கத்தில் டல்லாஸில் மாலை 5:20 வாக்கில் சூரியன் மறைகிறது. ஆறு மணிக்குத் தீபம் ஏற்றினால் அது முழு இரவு. உங்கள் ஊருக்கான நேரத்தைப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கை எங்கே ஒட்டுவது? முதல் தடவை நான் ட்ரோனின் அடியில் ஒட்டினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வீடியோ முழுக்க வெள்ளையாக விட்டு விட்டு மின்னுகிறது. சாலையோர மரங்கள் எல்லாம் மின்னல் அடித்த மாதிரி இருந்தன. இந்தத் தொல்லைக்காகப் பலர் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அது விதி மீறல். பாதுகாப்புக்காக வெளிச்சத்தைக் குறைக்கலாம், அணைக்கக் கூடாது. முதுகுப் பக்கம், ஜி.பி.எஸ். இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, வெல்க்ரோவால் ஒட்டினேன். கேமராவில் மின்னல் படுவது நின்றது.

எடையையும் கணக்கில் வையுங்கள். தபால் தராசில் வைத்துப் பார்த்தபோது 249 கிராம் இருந்த என் ட்ரோன், விளக்கும் வெல்க்ரோவும் சேர்ந்து 262 ஆகிவிட்டது. இது ஏன் முக்கியம் என்று 7-இல் சொல்கிறேன்.

6. வான்வெளி அனுமதி

என்னை ஒரு வருடம் காக்க வைத்தது இதுதான். விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியில் பகலானாலும் இரவானாலும் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. கட்டுப்பாடில்லாத இடமாக இருந்தால் சான்றிதழும் விளக்கும் போதும், இந்தப் படியைத் தாண்டிவிடலாம். டல்லாஸ் பக்கம் இர்விங், காப்பெல் மாதிரி பெரிய விமான நிலையத்தை ஒட்டிய ஊர்களில் அந்த வாய்ப்பு இல்லை.

அனுமதி வாங்கும் முறைக்கு லான்ஸ் என்று பெயர். எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த செயலிகளில் ஒன்றைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. வரைபடத்தில் உங்கள் இடம் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். அந்தக் கட்டத்தில் 0, 50, 100, 200 என்று ஒரு எண் இருக்கும். அடிக்கணக்கில் அதுதான் தானாக அனுமதி கிடைக்கும் உச்ச உயரம். அந்த உயரத்துக்குள் கேட்டால் இரவு நேரத்துக்கும் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் ஒரு அதிகாரி உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார். அந்த வகைக் கோரிக்கையை 90 நாள் முன்பிருந்தே அனுப்பலாம். 400 அடிக்கு மேல் எப்படியும் கிடையாது.

எங்கள் கோயில் இருக்கும் கட்டத்தில் எண் 100. கோபுரத்துக்கு மேலே நல்ல உயரம் வேண்டும் என்று முதல் வருடம் 200 கேட்டேன், அதுவும் மூன்றே வாரம் இருக்கும்போது. பதில் வருவதற்குள் தீபம் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் 100 கேட்டேன். காபி ஆறுவதற்குள் அனுமதி வந்தது. உண்மையில் 80 அடியிலேயே வளாகம் முழுக்கத் திரைக்குள் அடங்கியது. உங்களுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பகலில் வேறொரு இடத்தில் பறக்கவிட்டுப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

உங்கள் கட்டம் 0 என்றால், அல்லது அந்த விமான நிலையம் லான்ஸில் இல்லையென்றால் கைமுறை விண்ணப்பம்தான். லான்ஸ் இல்லாத இடங்களுக்கு ட்ரோன்ஸோன் தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு, மூன்று மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போன் போட்டுக் கேட்பதில் பயனில்லை. ட்ரோனுக்குப் போனில் அனுமதி தரும் வழக்கம் கிடையாது.

7. தலைக்கு மேல் பறக்கவிடாதீர்கள், இடத்துக்காரரிடம் கேளுங்கள்

வான்வெளி அனுமதி கிடைத்ததால் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கலாம் என்று ஆகாது. விளக்கு உட்பட எல்லாம் சேர்ந்து 250 கிராமுக்குள் இருந்து, தோலைக் கிழிக்கும்படி இறக்கைகள் வெளியே தெரியாமல் மூடியிருந்தால் ஆட்களுக்கு மேல் பறக்கவிடும் முதல் வகைச் சலுகை கிடைக்கும். விளக்கு ஒட்டியதும் என் ட்ரோன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதே, அதுதான் பொறி. நிறையப் பேர் பெட்டியில் போட்டிருக்கும் 249-ஐ நம்பிவிடுகிறார்கள்.

நான் கூட்டத்துக்கு மேலே போகவே இல்லை. கோயிலுக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்துக்கு மேல் நிறுத்தி, கேமராவைச் சாய்த்து எடுத்தேன். அகல் வரிசை அப்படித்தான் இன்னும் அழகாகத் தெரிந்தது. குழந்தைகள் ஓடிவந்துவிடாமல் இரண்டு தன்னார்வலர்களை மைதானத்தின் ஓரத்தில் நிற்கச் சொன்னோம்.

இடத்துக்குச் சொந்தக்காரர்களின் எழுத்து அனுமதி வாங்குங்கள். நகராட்சிப் பூங்காக்களுக்குத் தனி விதி இருக்கும். தேசியப் பூங்காக்களுக்குள் ட்ரோன் ஏற்ற, இறக்கத் தடை இருக்கிறது. எஃப்.ஏ.ஏ. காப்பீடு கேட்பதில்லை, ஆனால் மண்டபக்காரர்கள் பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேட்பது சகஜம். நாள் கணக்கில் எடுக்கும் பாலிசிகளும் இருக்கின்றன.

8. விலக்கு யாருக்குத்தான் வேண்டும்?

இரவு நிகழ்ச்சிகளில் பெரும்பாலும், விளக்கே இல்லாமல் பறக்க வேண்டியவர்களுக்கும், ஒரே ஆள் பல ட்ரோன்களை ஏற்றும் வாணவேடிக்கை மாதிரியான ட்ரோன் ஷோ நடத்துபவர்களுக்கும்தான். விண்ணப்பம் இலவசம், 90 நாள் ஆகலாம். எந்த ஆபத்து வரலாம், அதை எப்படித் தடுப்பீர்கள் என்று விளக்கமாக எழுதாத விண்ணப்பங்கள் தள்ளுபடியாகும். உங்கள் சங்கம் ட்ரோன் ஷோ வைக்க நினைத்தால் நீங்களே முயல வேண்டாம். விலக்கு வைத்திருக்கும் நிறுவனத்தைப் பிடியுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் அந்த விலக்குக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

9. பறக்கும் நாளன்று

பகலிலேயே ஒருமுறை போய் இடத்தை நடந்து பாருங்கள். எங்கள் மைதானத்தின் மூலையில் ஒரு கம்பத்திலிருந்து வாகன நிறுத்தத்துக்கு மெல்லிய கம்பி ஒன்று போகிறது. பகலில்கூட வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, இரவில் சுத்தமாகத் தெரியாது. ட்ரோனின் தடை உணரிகளுக்கும் வெளிச்சம் வேண்டும், இருட்டில் அவை காப்பாற்றாது. சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை, சுற்றியுள்ள மரம், கம்பம் எல்லாவற்றுக்கும் மேலாக, ஆனால் அனுமதித்த உயரத்துக்குள் வையுங்கள்.

கிளம்பும் முன் தற்காலிகத் தடை ஏதாவது வந்திருக்கிறதா என்று செயலியில் பாருங்கள். பெரிய ஸ்டேடியத்தில் ஆட்டம் இருந்தால் அதைச் சுற்றி மூன்று கடல் மைலுக்கு, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை பறக்கக் கூடாது. விதி மீறலுக்கு ஒரு தடவைக்கு 75,000 டாலர் வரை அபராதம் போட எஃப்.ஏ.ஏ.-வுக்கு அதிகாரம் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டியவை: சான்றிதழ், புகைப்பட அடையாள அட்டை, ட்ரோன் பதிவுச் சான்று, லான்ஸ் அனுமதியின் ஸ்கிரீன்ஷாட், இடத்துக்காரரின் கடிதம். நான் எல்லாவற்றையும் அச்சடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தேன். போலீஸ்காரர் ஒருவர் விளக்கைப் பார்த்து விசாரிக்க வந்தார். உறையை நீட்டினேன். டார்ச் அடித்துப் படித்துவிட்டு, எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்று மட்டும் கேட்டார்.

பறக்கவிடுவதற்கு அரை மணி நேரம் முன்பே கார் ஹெட்லைட்டுகளை அணைத்துவிட்டு இருட்டில் நில்லுங்கள். போன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவரை ட்ரோனையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். என் தம்பி பார்த்துக்கொண்டான். முதல் அகல் ஏற்றியபோது நான் திரையில் லயித்திருந்தேன், "அண்ணா, தெற்குப் பக்கம் ஹெலிகாப்டர் சத்தம்" என்று அவன்தான் சொன்னான். உடனே இறக்கினேன். அது கடந்து போன பிறகு மறுபடி ஏற்றி, மீதி வீடியோவை எடுத்து முடித்தோம்.